பொய்யாத விநாயகரும் உலகின் மெய்ம்மையும்

மலாக்காச் செட்டிகள் 1781-ஆம் ஆண்டு, டச்சு ஆட்சிக் காலத்தில், எழுப்பிய கோயில் பொய்யாத விநாயகர் கோயில். அப்பெயர் பழைய வினா ஒன்றை எழுப்புகின்றது: காணும் உலகம் காண்பவன் உள்ளம் புனைந்த தோற்றந்தானோ? அறிவுக்குப் புறம்பாகப் பொருளில்லை என்றனர் பௌத்த யோகாசாரர். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் இதனை மறுத்தார். சைவ சித்தாந்தத்தில் மாயையும் உள்பொருளே, உயிர்களும் பல. பின்னதே முதன்மையானது என்பது என் கருத்து. உலகம் ஒருவன் உள்ளத்து அரங்கமாயின், எதிரில் நிற்பவனின் வலியும் நிழலாகிவிடும். பெரட்டுக்களத்தில் ஆள்கணக்காக எண்ணப்பட்ட தோட்டத் தமிழரின் வழிவந்தோர்க்கு இது வெறும் ஏட்டு வாதமன்று. செட்டிகளோ மலாய் பேசுவோராக மாறிய பின்னரும் சைவத்தை விட்டிலர். போகி நாளில் மறைந்த முன்னோர்க்கு வாழையிலையில் உணவு படைத்துக் காத்திருக்கின்றனர்.