கம்பம் பள்ளத்தாக்கின் ஜீப் தடங்களும் பாதை நிதியின் சரித்திரமும்

தேனி ஜில்லாவின் மேற்கு மலைகளில் ஏறும் தடங்கள் பலவற்றைச் சாலை என்று அழைப்பது மரியாதைக்காகத்தான். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இந்த ஜில்லாவைச் சேர்ந்ததாயினும், வண்டியில் அதை அடைய விரும்புகிறவர் கேரளத்துச் சூரியநெல்லிக்குச் சுற்றிப் போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். மழைநீர் அரித்த பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிடாதபடி நடுத்திட்டைப் பற்றிக்கொண்டு, ‘ஃபோர் வீல்’ போட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து செல்கிறார் டிரைவர். ஜீப்பும் ஏறமாட்டாத குக்கிராமங்களுக்குக் குதிரை போகிறது. தேர்தல் காலங்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் மலையேறும் படங்களைப் பத்திரிகை வாசகர்கள் கண்டிருப்பார்கள். பாதைக்கென்றே தனியாக எடுத்துவைக்கப்பட்ட பணம் நம் நாட்டில் எக்காலத்தில் தோன்றியது, எவ்வெவ்வாறு கைமாறியது, இத்தகைய தடங்களுக்கு அதில் எப்போதாவது பங்கு கிட்டியதா என்பதே இங்கு விசாரணைக்குரிய விஷயம்.

இப்பிரதேசம் மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்த காலத்தில், 1866ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் சென்னை ராஜதானியில் நிலத்தின்மேல் சாலை வரி விதிக்கப்பட்டது. சாலைக்கென வசூலிக்கப்பட்ட அந்தப் பணம் தனித்து நின்றது ஐந்தே ஆண்டுகள். 1871ஆம் ஆண்டின் ஸ்தல நிதிச் சட்டம் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுகாதாரம் யாவற்றையும் ஒரே நிதியின் பொறுப்பாக்கிற்று. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டாதவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்; ஆனால் ஒரே பானையில் பலர் கைவிடும்போது, மலைமேல் இருக்கிறவன் கைக்கு என்ன எட்டும்? மலைப் பாதைகளைப் பேணியவர்கள் பெரும்பாலும் சரக்குடைய தோட்டக்காரர்களே. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய மூணாற்றுத் தேயிலை, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. டாப் ஸ்டேஷன்வரை அச்சரக்கைக் கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றபின், அது மீண்டும் போடப்படவே இல்லை.

மோட்டார் யுகம் பிரச்னையின் உருவத்தை மாற்றியது. எம். ஆர். ஜெயகரின் தலைமையில் 1927இல் அமைந்த சாலை அபிவிருத்திக் கமிட்டி, சாலைப் பராமரிப்பு ஸ்தல ஸ்தாபனங்களின் சக்திக்கு மிஞ்சிவிட்டதென்று கண்டு, மோட்டார் வண்டி பாழாக்கும் சாலைக்கு மோட்டார் எண்ணெயே ஈடு செய்யட்டும் என்னும் கொள்கையை முன்வைத்தது. அதன் பயனாக 1929இல் காலனுக்கு 4 அணாவாயிருந்த பெட்ரோல் வரி 6 அணாவாக உயர, கூடுதலான அந்த 2 அணா மத்திய சாலை நிதியாயிற்று. இந்நிதியின் உயிர்நிலை தொகையில் இல்லை, அதன் விதியில் இருந்தது: ஆண்டு முடிவில் செலவாகாத மிச்சம் பொக்கிஷத்துக்குத் திரும்பாமல் நிதியிலேயே தங்கும். பொருளாதார மந்தம் சூழ்ந்த அடுத்த சில ஆண்டுகளில் சர்க்கார் செலவுகள் எங்கும் வெட்டுண்டபோது, இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கியிருக்கும். எனினும் அது சட்டத்தின்மேல் எழுந்ததன்று. சட்டசபைத் தீர்மானத்தின்மேல் எழுந்தது.

சட்ட அந்தஸ்து கிடைக்க 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 1998இல் பெட்ரோலுக்கும் 1999இல் டீசலுக்கும் லிட்டருக்கு 1 ரூபாய் வீதம் தீர்வை விதிக்கப்பட்டிருந்தது. மத்திய சாலை நிதிச் சட்டம் டீசல் தீர்வையில் பாதியைக் கிராமச் சாலைகளுக்கு உரிமையாக்கிற்று. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமும் அதே ஆண்டில் பிறந்தது. அத்திட்டத்தின் அளவுகோலோ வேறு. சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புக்குச் சாலை உண்டு. மலை மாநிலங்களிலும், ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளிலும், பாலைவனப் பிரதேசங்களிலும் 250 பேர் போதும். தமிழ்நாடு மலை மாநிலமன்று, ஐந்தாம் அட்டவணைப் பகுதியும் இங்கில்லை. ஆகவே முதுவாக்குடியைப் போன்ற மலைக் குடியிருப்புகளும், சட்டத்தின் கண்ணுக்கு, வைகைக் கரையின் சமவெளியைச் சேர்ந்தவையாகிவிடுகின்றன. 2018இல் அந்நிதிக்கு ‘மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி’ என்று பெயர் மாறிற்று. பெயரோடு செலவின் எல்லையும் விரிந்தது. 1871ஆம் ஆண்டின் காரியமே வேறொரு சட்டப் புத்தகத்தில் மறுபடி நிகழ்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

மலைக்கென்றே ஒரு நிதி இல்லாமற்போகவில்லை. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1974-75இல் தொடங்கிய மேற்குத் தொடர்ச்சி மலை அபிவிருத்தித் திட்டம், பெரும்பகுதி மானியமாக மத்திய விசேஷ உதவியை இப்பக்கத்துத் தாலுகாக்களுக்கும் அளித்துவந்தது. திட்டக் கமிஷன் மறைந்தபின், 2015-16இல் அவ்வுதவி நின்றது. ரத்து செய்ய வேண்டிய சட்டம் ஏதும் இல்லாமையால், நிறுத்துவதற்குப் பெரிய விவாதமும் தேவைப்படவில்லை. பின்னர் விசேஷப் பகுதி அபிவிருத்தித் திட்டம் என்ற பெயரில் மாநில சர்க்கார் தன் சொந்தப் பணத்தைக் கொண்டு அவ்வேலையைத் தொடர்ந்தது பாராட்டத்தக்கதே. ஆயினும் ஆண்டுதோறும் பட்ஜெட்டின் தயவை எதிர்பார்க்கும் ஒதுக்கீடு அது.

அமெரிக்காவில் 1991இல் ஏற்பட்ட பொழுதுபோக்குத் தடத் திட்டம், சாலையல்லாத இடத்தில் ஓடும் வண்டிகள் எரிக்கும் எண்ணெயின் வரி அத்தடங்களுக்கே திரும்ப வேண்டும் என்ற தர்க்கத்தை ஏற்று, மோட்டார் தடங்களுக்கு 30 சதவீதமும், நடை முதலிய மோட்டாரில்லாத் தடங்களுக்கு 30 சதவீதமும், எஞ்சிய 40 சதவீதம் பலவகைப் பயனுள்ளவற்றுக்கும் எனப் பங்கிட்டது. அங்கும் 2012 முதல் மாநில ஆளுநர் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வாசல் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் அந்தத் தர்க்கம் கம்பத்துக்கும் போடிக்கும் அப்படியே பொருந்தும். விடியுமுன்னே ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டுக்கும் போடிமெட்டுக்கும் விரையும் ஜீப்புகள், பங்க்கில் டீசல் போடும் ஒவ்வொரு முறையும் சாலைத் தீர்வையைச் செலுத்திவிட்டே புறப்படுகின்றன; மேலே தோட்டத் தடத்தில் அவை எரிக்கும் எண்ணெய்க்குரிய தீர்வை மட்டும் அத்தடத்துக்குத் திரும்புவதில்லை.

காட்டுச் சட்டம் தடுக்கிறது என்ற பதில் வழக்கமாக வரும். அது முழு உண்மையன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தில் சாலை அமைக்க இடம் தருகிறது. ஆனால் அவ்வாறு அனுமதி பெற்ற பாதைக்கு அச்சட்டம் நிதி எதையும் ஒதுக்கவில்லை. மார்ச் 31இல் காலாவதியாகாத பணம் என்ற 1929ஆம் ஆண்டு விதியை மாநிலத்தின் மலைப்பகுதி ஒதுக்கீட்டுக்கேனும் சட்டமாக்கினால் ஒழிய, கிராம சபையின் பரிந்துரை காகிதமாகவே கிடக்கும்.