நெற்றியும் கைகளும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நோய், செபம், வேலை

1660ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்தது. ஏப்ரலில், இன்றைய மூதூர்க் கரையில் இறங்கிய கப்டன் ரொபர்ட் நொக்ஸையும் அதே பெயர் கொண்ட அவருடைய மகனையும் மாலுமிகள் சிலரையும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டு போனார்கள். தந்தையும் மகனும் ஒரே கிராமத்தில் வைக்கப்பட்டார்கள். இருவரையும் முறைக்காய்ச்சல் பிடித்தது. 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். ஏறக்குறைய இருபது வயதான மகன், நோயோடு நோயாகக் குழி வெட்டித் தந்தையை அடக்கம் செய்தான்.

அதன்பின் ஓராண்டுக்கும் மேலாகக் காய்ச்சல் அவனை விடவில்லை. கையில் இரண்டு பக்தி நூல்கள் இருந்தன. காய்ச்சல் தணிந்திருக்கும் வேளைகளில் வயல்வெளிக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து படிப்பான், செபிப்பான். ஒருநாள், கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து கைமாறிய காலத்தில் எடுத்துவந்த ஆங்கில வேதாகமம் ஒன்று ஒரு முதியவரிடம் இருப்பது தெரியவந்தது. தன்னிடம் எஞ்சியிருந்த ஒரே பொற்காசைக் கொடுக்கவும் நொக்ஸ் துணிந்துவிட்டான். கூட இருந்த பையன் தடுத்தான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்து அந்த நூலை வாங்கினான். தொப்பி பின்னி விற்பதே பிறகு அவனுடைய பிழைப்பாயிற்று. 1679இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்து, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் எழுதிவைத்தான்.

சிறைவாழ்வின் சாகசத்துக்காகவே நொக்ஸைப் பலரும் வாசிக்கிறார்கள். திருகோணமலைப் பகுதியின் சமய வரலாற்றுக்கு அவன் இன்னொரு வகையிலும் முக்கியமானவன். நீடித்த நோயோடு செபித்தபடியே கைத்தொழில் ஒன்றைத் தொடங்கிய ஒருவனின் வாக்குமூலம் இது. அப்படிப்பட்டவர்கள் ஆவணங்களில் அகப்படுவது மிக அரிது.

கத்தோலிக்கப் பங்குகளின் மரணப் பதிவேடு, இறந்தவர் கடைசி அருட்சாதனங்களைப் பெற்றாரா என்று குறித்துவைத்தது. பெந்தெகொஸ்தே சபைகளின் ‘சாட்சி’ குணமானவரைப் பேசவைத்தது. முன்னதில் செத்தவர் இருக்கிறார். பின்னதில் பிழைத்தவர் இருக்கிறார். சாகாமலும் சுகமாகாமலும் மறுநாள் வேலைக்குப் போனவர் இரண்டிலும் இல்லை. துறைமுகப் பகுதியில் அத்தகையோரே அதிகம் என்பதால் இது சிறிய இடைவெளியல்ல.

தமிழ்க் கடற்கரையில் நோயாளிக்கான கிறிஸ்தவச் செபம் தொடக்கத்திலேயே உழைப்பாளிகளின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. பிரான்சிஸ் சவேரியார் 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், முத்துக்குளித்துறையில் நோயாளர் வீடுகளுக்குச் சிறுவர்களை அனுப்பியதை விவரிக்கிறார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி விசுவாச அறிக்கையைச் சொல்லச் செய்து செபித்தார்கள். குருவானவர் ஒருவர், கிராமங்களோ பல. ஆகவே செபம் பிள்ளைகளின் கைக்குப் போயிற்று.

1795இல் திருகோணமலையைப் பிடித்த ஆங்கிலேயர் கொண்டுவந்த வழிபாட்டு நூலில் நோயாளரைச் சந்திக்கும் முறை ஒன்று உண்டு. நோயை இறைவனின் தண்டிப்பாகவும் சாவுக்கான ஆயத்தமாகவும் பார்க்கும் முறை அது. கடற்படைத் தளத்துக்கு அந்த ஆயத்தம் அடிக்கடி தேவைப்பட்டது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் வாந்திபேதியால் இறந்து, திருகோணமலையின் பழைய மயானத்தில் புதைக்கப்பட்டார்.

மெதடிஸ்த மிஷனரிமார் வேறொரு மரபோடு வந்தார்கள். 1814இல் காலியில் இறங்கியவர்களுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குப் போய், ஓராண்டு முடிவதற்குள் அங்கேயே இறந்தார். பின்பு திருகோணமலையிலும் அவர்களுடைய பணி ஊன்றியது. அவர்களின் முன்னோடி ஜோன் வெஸ்லி 1747இலேயே ஏழைகளுக்கான கைமருத்துவ நூல் ஒன்றை எழுதி, செபத்தையும் மருந்துகளோடு சேர்த்துப் பரிந்துரைத்திருந்தார். மருந்தா, செபமா என்ற வழக்கே அவரிடம் எழவில்லை. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனும் அதே வழியில் நின்றவர். தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தமிழ் மருத்துவர்களின் ஒரு தலைமுறையையே உருவாக்கினார்.

மிகப் பெரிய மாற்றம் கத்தோலிக்கரிடம் நிகழ்ந்தது. திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவாகி, இயேசு சபையினரின் பொறுப்பில் வந்தது. அப்போது ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். குருவானவர் எண்ணெயோடு படியேறினால் ஆள் தேறமாட்டார் என்று அர்த்தம். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என ஒவ்வொன்றிலும் எண்ணெய் பூசி, அந்த உறுப்பால் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பது பழைய முறை. வருடக்கணக்காக ஈளையில் இழுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு அதில் இடமே இருக்கவில்லை.

சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டுமானதல்ல இந்த அருட்சாதனம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொன்னது. 1972 நவம்பர் 30இல் ஆறாம் பவுல் புதிய முறையை அறிவித்தார். ‘நோயில்பூசுதல்’ நெற்றிக்கும் கைகளுக்கும் என்றாயிற்று. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் போதும். நோய் கடுமையானால் மீண்டும் பெறலாம். முதுமையில் தளர்ந்தவரும் பெறலாம். ஆலயத்தில் பலருக்குச் சேர்த்தும் வழங்கலாம். திருகோணமலையில் இது நடந்தது அமெரிக்க இயேசு சபையினரான ஆயர் இக்னேஷியஸ் கிளெனியின் கடைசி ஆண்டுகளில். உள்ளங்கையில் எண்ணெய் பெற்றவர் அதே கையோடு வலை இழுக்கவும் சுமை தூக்கவும் திரும்பலாம் என்பதைச் சடங்கே ஒப்புக்கொண்டது. இந்த வரலாற்றில் இதைவிடக் கனிவான திருத்தம் வேறில்லை.

பெந்தெகொஸ்தே அலை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இலங்கையைத் தொட்டுவிட்டது. பிராட்போர்டில் குழாய் வேலை செய்துவந்த ஸ்மித் விகிள்ஸ்வர்த் 1920களில் இங்கு வந்து சுகமளிக்கும் கூட்டங்களை நடத்தினார். அதே பத்தாண்டில், கேரளத்தில் பிறந்த பாஸ்டர் போல் கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். வெள்ளை உடுத்து விசுவாச வீடுகளில் வாழும் அதன் ஊழியர்கள் மருந்தைத் தவிர்த்துத் தெய்வீக சுகத்தை மட்டுமே நம்பினார்கள். குருவானவர் வரும்வரை காத்திருந்த ஏழைக்கு, தன் வீட்டிலேயே யாரும் கைவைத்துச் செபிக்கலாம் என்ற துணிவை இவ்வியக்கம் தந்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்துவதை விசுவாசமாக எண்ணத் தொடங்கினால் அது உயிரைக் கொல்லும். இதைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். தன் உடலில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்காத பவுல் அப்போஸ்தலர், கூடாரம் செய்து பிழைத்தவர். அவரை விசுவாசம் குறைந்தவர் என்று எந்தச் சபையும் சொல்வதில்லை.

வேலையும் நோயும் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்ததற்குத் தமிழுலகின் தெளிவான சான்று டி.ஜி.எஸ். தினகரன். வேலை கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளப் போனவர், பின்பு ஸ்டேட் வங்கியில் ஊழியரானார். பணியில் இருந்தபடியே நோயாளருக்காகச் செபித்தார். சென்னையில் 1983இல் தொடங்கிய ஜெபகோபுரத்துக்கு இரவும் பகலும் தொலைபேசியில் வந்த விண்ணப்பங்களில் நோயும் வேலையும் கடனும் பின்னிக் கிடந்தன. நீண்ட காலம் உடல்நலம் குன்றியிருந்த அவர் 2008இல் காலமானார். சுகத்துக்காகச் செபித்தவரே சுகமில்லாதவராக வாழ்ந்தது அவர் பணியின் மதிப்பைக் குறைக்கவில்லை.

தொழிலாளரின் செபத்துக்கு இலங்கையில் இன்னொரு ஊற்றும் உண்டு. 1958இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, மே தினத்தில் தொழிலாளர் திருப்பலி நடத்தி, கூலியையும் உரிமையையும் பலிபீடத்தின் முன் வைத்தது. திருகோணமலையிலும் வேலையின் முகம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்தது. பின்னாளில் சீனக்குடாவில் பிரிமா மாவாலையும், அயலில் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தன. போரும் 2004இன் ஆழிப்பேரலையும் உடம்பில் விட்டுச்சென்ற வலிகளோடு மக்கள் அந்த வாயில்களுக்குள் நுழைந்தார்கள்.

இன்று நீடித்த நோயின் கடுமையான வடிவம் மாவட்டத்தின் உட்புறத்தில் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய், அங்குள்ள பதவி ஸ்ரீபுரவையும் பாதித்தது. அங்கே பெரும்பாலோர் சிங்கள பௌத்த விவசாயிகள். நோய் முற்றினால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். நாட்கூலிக்காரர் அந்த நாட்களின் கூலியை இழக்கிறார். கிளினிக் நாளும் அப்படித்தான்.

கத்தோலிக்க நாட்காட்டியில் நோயாளருக்கு 1993 முதல் பெப்ரவரி 11 உண்டு. தொழிலாளரான சூசையப்பருக்கு 1955 முதல் மே 1 உண்டு. இரண்டும் தனித்தனியே கொண்டாடப்படுகின்றன. நோயாளியாகவும் தொழிலாளியாகவும் ஒருசேர இருப்பவரை எந்த நாளில் கூப்பிடுவது? சேர்த்துப் பூசும் வழிபாட்டை வேலைநாள் மாலையில் வைத்தால் வேலைமுறை முடிந்து வருகிறவர்களும் கலந்துகொள்ளலாம். கிளினிக் நாளில் கூலி வெட்டப்படாமலிருக்க, பங்குமக்கள் முதலாளியிடம் போய்ப் பேசவும் செய்யலாம். 1972இன் முறையில் இதற்குத் தடை எதுவும் இல்லை.