எண்ணுக்குள் இருந்த ஆள்

1935ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பத்திரிகையாளரின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அவர் பெயர் ஆலன் கூல்ட். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியர். அவர் செய்த குற்றம் இவ்வளவுதான்: அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரிக் கால்பந்து அணி எது என்று எழுதும்போது மின்னசோட்டா, பிரின்ஸ்டன், சதர்ன் மெதடிஸ்ட் என்று மூன்று பல்கலைக்கழகங்களைச் சமமாக முதலிடத்தில் வைத்துவிட்டார். மின்னசோட்டாக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. ஓர் ஆட்டம்கூடத் தோற்காத நம்ம அணிக்குப் பங்காளிகளா?

அடுத்த ஆண்டு கூல்ட் உஷாராகிவிட்டார். தீர்ப்பைத் தன் தலையில் மட்டும் சுமக்காமல், நாடெங்கும் உள்ள பத்திரிகைகளின் விளையாட்டு ஆசிரியர்களிடம் வாரந்தோறும் வாக்கு வாங்கி, அதைக் கூட்டிப் பட்டியல் போட்டார். 1936 அக்டோபரில் வந்த முதல் பட்டியலில் முதலிடம் மின்னசோட்டாவுக்கே போனது. அந்தப் பட்டியல் இன்றும் சீசன்தோறும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவில் ஜனங்கள் பேசவும் சண்டை போடவும் ஏதாவது வேண்டும், அதற்காகத்தான் செய்தேன் என்ற பொருளில் கூல்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

2024 ஜூலையில் ‘இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25’ என்ற வீடியோ கேம் வெளியானது. அதற்கு முன்பே அணிகளின் ரேட்டிங் வந்துவிட்டது. ஜார்ஜியாவுக்கு 95. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 93. வெளியூர் அணிகள் ஆடப் பயப்படும் மைதானங்களுக்கும் ஒரு வரிசை: டெக்சஸ் ஏ அண்ட் எம் முதலிடம், அலபாமா இரண்டு, லூசியானா ஸ்டேட் மூன்று. அவ்வளவுதான், அமளி தொடங்கியது. எங்களுக்கு ஏன் இந்த எண், அவனுக்கு எப்படி அந்த எண், இதைப் போட்டவன் எங்கள் ஆட்டத்தை ஒரு நாளாவது பார்த்தானா?

ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கோபமா என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அந்தக் கொடும்பாவிதான் ஞாபகம் வந்தது. இந்தக் கோபத்துக்கு ஏறக்குறையத் தொண்ணூறு வயது. அதன் நடுவில் ஒரு நீதிமன்றக் கதையும் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் இந்தக் கோபம் உண்மையில் எதைப் பற்றியது என்பது எனக்குப் புரிபட ஆரம்பித்தது.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கால்பந்து என்றால் நாம் காலால் உதைக்கும் உருண்டைப் பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி மோதும் அமெரிக்க ஆட்டம். அதன் கல்லூரி வடிவத்துக்கு அங்கே இருக்கும் மவுசு, பல ஊர்களில் தொழில்முறை லீகையே மிஞ்சும்.

இந்த ஆட்டத்தில் ஒரு பிறவிச் சிக்கல் உண்டு. 2024இல் மேல் பிரிவில் மட்டும் 134 அணிகள். உடம்பை நொறுக்கும் ஆட்டம் என்பதால் ஓர் அணி வழக்கமான சீசனில் 12 ஆட்டங்கள்தான் ஆட முடியும். அப்படியானால் பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திக்கவே போவதில்லை. அதிலே யார் பெரியவன் என்று எப்படிச் சொல்வது? யாராவது உட்கார்ந்து எண் போட்டாக வேண்டும்.

அப்படிப் போட்டவர்களில் ஒருவர் இல்லினாய் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன். 1926இல் ஒரு கணக்குமுறையை வைத்து அணிகளை வரிசைப்படுத்தினார். நோட்டர் டேம் அணியின் பயிற்சியாளர் நூட் ராக்னி சும்மா இருப்பாரா? ‘இதே கணக்கை 1924க்கும் போட்டுப் பாருங்களேன்’ என்று பேராசிரியரைச் சம்மதிக்க வைத்தார். போட்டுப் பார்த்தால், 1924இன் சாம்பியன் நோட்டர் டேம். ரேட்டிங்கைத் திருத்தச் சொல்லிக் கேட்டு வாங்கிய முன்னோடி என்று ராக்னிக்கு ஒரு சிலையே வைக்கலாம்.

அதன் பிறகும் கதை மாறவில்லை. 2003 சீசனில் கணினிக் கணக்கும் வாக்குகளும் கலந்த முறை ஏற்பாடு செய்த இறுதி ஆட்டத்தில் லூசியானா ஸ்டேட் வென்றது. பத்திரிகையாளர்களோ தெற்கு கலிஃபோர்னியாவை முதலிடத்தில் வைத்தார்கள். ஒரே ஆண்டுக்கு இரண்டு சாம்பியன்கள். 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் ஆடிய 13 ஆட்டங்களையும் வென்று, தன் பிரிவின் சாம்பியனும் ஆனது. ஆனால் அதன் முக்கிய ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் கால் முறிந்து படுத்துவிட்டார். அவர் இல்லாத அணி பழைய அணி இல்லை என்று சொல்லி, நான்கு அணிகளுக்கான பிளேஆஃபில் தேர்வுக்குழு அதற்கு இடம் தரவில்லை. என் கால் சீசனில் முன்னாடியே முறிந்திருக்கக் கூடாதா, நான் இல்லாமலும் இந்த அணி ஜெயிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று டிராவிஸ் வருந்தி எழுதினார்.

அதனால் இந்த ஆட்டத்தின் ரசிகருக்கு எண் என்பது வெறும் எண் இல்லை. களத்தில் ஜெயித்ததையும் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பிடுங்கிக்கொள்ள முடியும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர்.

*

வீடியோ கேம் 1993இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பயிற்சியாளர் பில் வால்ஷின் பெயரைத் தலைப்பில் தாங்கி, சேகா கருவிக்காக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. சில ஆண்டுகளில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் உரிமத்தோடு ‘என்சிஏஏ ஃபுட்பால்’ என்று பெயர் மாறி, 2013 வரை ஆண்டுதோறும் வந்தது.

உள்ளே எல்லாமே எண்தான். ஒவ்வொரு வீரருக்கும் வேகம், வலிமை, சுதாரிப்பு, எறியும் திறன் என்று தனித்தனி மதிப்பெண். உச்சம் 99. அவற்றைச் சேர்த்து வீரருக்கு ஒரு மொத்த எண், வீரர்களைச் சேர்த்து அணிக்கு ஒரு மொத்த எண். புதிய பதிப்பில் அணிக்கு 85 வீரர்கள். 134 அணிகளுக்குப் பெருக்கினால் 11,390 பேர். இத்தனை பேரின் ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்து எண் போட எந்த மனிதனாலும் ஆகாது. பிரபல அணியின் மாற்று வீரருக்கும் பெயருக்கேற்ற எண் விழும். சின்ன ஊர் அணியில் உயிரைக் கொடுத்து ஆடுபவருக்குப் போன வருடத் தோல்வியின் எண் விழும். ரசிகர்களின் புகாரைச் சுருக்கினால் இதுதான் மிஞ்சும்.

பழைய பிளேஸ்டேஷன் 3இல் ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’ஐ நான் கணக்கில்லாமல் ஆடியிருக்கிறேன். அதில் டைனஸ்டி என்றொரு பகுதி. ஓர் அணிக்குப் பயிற்சியாளராகி, பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் அணியை வளர்க்க வேண்டும். நான் எப்போதும் அடிமட்ட அணியைத்தான் எடுப்பேன். கொஞ்ச நாளில் ஒன்று பிடிபட்டது. நான் ஆடும் ஆட்டத்தில் என் விரல் சாமர்த்தியத்தால் எண்ணை ஏமாற்றிவிடலாம். ஆனால் நான் ஆடாத மற்ற ஆட்டங்களை கேம் தானே கணக்குப் போட்டு முடிக்கிறது. அங்கே ரேட்டிங்தான் தலையெழுத்து. தொடக்கத்தில் யாரோ குறைத்துப் போட்ட ஓர் எண்ணால் ஓர் அணி பத்து சீசனும் எழுந்திருக்காமலே கிடக்கும். தன் ஊர் அணி அப்படிக் கிடப்பதைப் பார்க்கும் ஒருவருக்கு எரியத்தானே செய்யும்?

*

இப்போது நீதிமன்றத்துக்குப் போகலாம். பழைய கேம்களில் எந்த வீரருக்கும் பெயர் கிடையாது. கல்லூரி வீரர்கள் அமெச்சூர்கள், பெயரையோ முகத்தையோ விற்றுக் காசு பார்க்கக் கூடாது என்பது என்சிஏஏ விதி. அதனால் திரையில் ‘குவார்ட்டர்பேக் 9’ என்று மட்டும் இருக்கும். அட்டைப்படத்தில்கூடக் கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டவர்தான் வருவார். ஆனால் அந்த 9 யார் என்று எல்லோருக்கும் தெரியும். ரசிகர்கள் ராத்திரி கண்விழித்து ஒவ்வொரு வீரரின் பெயரையும் தட்டி ஏற்றி, அந்தப் பட்டியலை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த 9களில் ஒருவர் சாம் கெல்லர். அரிசோனா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், பிறகு நெப்ராஸ்காவுக்கு மாறியவர். 2009இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மீதும் என்சிஏஏ மீதும் வழக்குப் போட்டார். 2013இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு அடுக்கும் பட்டியலைப் படித்தால் அசந்துபோவோம். 2005 பதிப்பின் அரிசோனா ஸ்டேட் பொம்மை வீரருக்கு கெல்லரின் அதே சட்டை எண், அதே உயரம், அதே எடை, அதே தோல் நிறம், அதே முடி. எறியும் கையும் அதுவே, சொந்த மாநிலமும் அதுவே. ஹெல்மெட்டின் முன்கண்ணாடி விஷயத்தில் அவருடைய விருப்பம்வரை அப்படியே. 2008 பதிப்பில் அந்தப் பொம்மையும் நெப்ராஸ்காவுக்கு மாறிவிட்டது. அங்கே சட்டை எண் மட்டும் பொருந்தவில்லை. சீசனுக்குச் சற்று முன்பு கெல்லர் எண்ணை மாற்றிக்கொண்டதால் இருக்கும் என்று நீதிபதிகளே ஊகிக்கிறார்கள்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரயான் ஹார்ட் வழக்கு இன்னும் சுவாரசியம். அதே 2013இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உயரம், எடை, ஊர் மட்டுமல்ல. பொம்மையின் வேகம், துடிப்பு, எறியும் திறன் ஆகியவற்றுக்கான மதிப்பெண்களும் ஹார்ட்டின் உண்மையான ஆட்டத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகின்றன என்பதையும் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. நிறுவனம் பேச்சுரிமையைக் காட்டியது. ஆடுபவர் பொம்மையை இஷ்டப்படி மாற்றலாமே, அப்புறம் அது எப்படி ஹார்ட் ஆகும் என்றும் வாதாடியது. எடுபடவில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைப்பதுபோல் திரையை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். இருபது வருடம் ரசிகர்கள் கேட்டது என்ன? எண் சரியாக இருக்கணும், அவன் நிஜத்தில் ஓடுகிற வேகத்தில் இங்கேயும் ஓடணும் என்பதைத்தான். நிறுவனமும் அதைத்தான் விற்றது. அந்தச் சரியான எண்ணே கடைசியில் நிறுவனத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ரேட்டிங் தப்பு என்று ஒருவர் சண்டை போட வேண்டுமானால் அந்த எண்ணுக்குள் ஒரு நிஜ ஆள் இருந்தாக வேண்டும். ‘இது அவன் இல்லை’ என்ற புகாருக்குள்ளேயே ‘இது அவன்தான்’ என்ற ஒப்புதல் இருக்கிறது. ரசிகர் கேட்ட நியாயமும் வீரர் கேட்ட கூலியும் ஒரே வேரில் முளைத்தவை. வருடக்கணக்காக இரண்டு தரப்புக்கும் அது தெரியாமல் இருந்தது.

கூடைப்பந்து வீரர் எட் ஓபேனனும் ஒரு கேமில் தன்னைப் போன்ற பொம்மையைப் பார்த்த பிறகுதான் 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் என்சிஏஏ விதிகள் போட்டிச் சட்டத்தை மீறுவதாக நீதிபதி கிளாடியா வில்கன் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் அதன் உரிமக் கூட்டாளியும் சேர்ந்து 4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். என்சிஏஏ தனியாக 2 கோடி டாலர் தந்தது. அதற்கு முன்பே, 2013 செப்டம்பரில், இனி கல்லூரிக் கால்பந்து கேம் வராது என்று அறிவிப்பு வந்துவிட்டது.

*

பிறகு 11 ஆண்டுகள் ஒன்றுமில்லை. ரசிகர்கள் கடைசிப் பதிப்பை விடவில்லை. பழைய கருவிகளைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தாங்களே உள்ளே ஏற்றினார்கள். ‘காலேஜ் ஃபுட்பால் ரீவேம்ப்டு’ என்ற பெயரில் ஒரு குழு கேமையே புதுப்பித்து இலவசமாகக் கொடுத்தது. இதில் ஒரு வேடிக்கை. எண் போட்டவனைத் திட்டியவர்களே இப்போது எண் போட வேண்டியதாயிற்று. பார்த்தே இராத ஒரு கல்லூரியின் மூன்றாம் வரிசை வீரருக்கு என்ன கொடுப்பது, 68ஆ 71ஆ?

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. அதனால்தான் 2024இல் கேம் திரும்பி வர முடிந்தது. கேமில் இடம்பெறச் சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும். 10,000க்கு மேற்பட்டவர்கள் சம்மதித்தார்கள். நட்சத்திரத்துக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே 600தான். அட்டைப்படத்தில் முதன்முறையாக, அப்போது கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த வீரர்களே நின்றார்கள்.

எண்கள் சரியாக இருந்தனவா? அந்த சீசனையே கேளுங்கள். 95 வாங்கிய ஜார்ஜியா பிளேஆஃப் காலிறுதியில் வெளியேறியது. முந்தைய ஆண்டு மூன்றே ஆட்டங்களில் வென்ற இண்டியானா 11 ஆட்டங்களில் வென்றது. 16 அணிகள் கொண்ட தன் பிரிவில் கடைசியாக வரும் என்று கணிக்கப்பட்ட அரிசோனா ஸ்டேட் அந்தப் பிரிவின் சாம்பியன் ஆனது. அக்டோபர் 5 அன்று, வாக்கெடுப்பில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று சாய்த்தது. ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியாகத் தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். அந்த ஊர் ஆட்கள் எத்தனை வருடம் எத்தனை பட்டியல்களின் அடியில் தங்கள் பெயரைத் தேடியிருப்பார்கள்!

எண் இனியும் தப்பாகத்தான் இருக்கும், அமளியும் நடக்கும். மின்னசோட்டாவில் கொடும்பாவி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதை விடப்போவதில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. எங்க பையனுக்கு 78 பத்தாது என்று கத்துகிறவர் இப்போது அந்தப் பையனின் பெயரைச் சொல்லியே கத்தலாம். பையனும் தன் எண்ணைப் பார்த்துத் தன் பெயரிலேயே திருப்பிக் கேட்கலாம். 600 டாலர் பத்துமா என்பது அடுத்த சண்டை.