மடக்கு வாளியின் முன்னோர்

நெடுவழி செல்லும் மோட்டார் வண்டிகளில் ஒருவகை வாளி கொண்டுசெல்லப்படுவதை நீங்கள் கண்டிருக்கலாம். கண்டிருந்தாலும் அதனை வாளி என்று உடனே அறிந்திருக்கமாட்டீர்கள். வண்டியின் பின்புறப் பெட்டியில், சோற்றுத் தட்டு ஒன்றைப் போல அது தட்டையாகக் கிடக்கும். எடுத்து விரித்தால் வாளியாகும். நீரைக் கொட்டிவிட்டு அமுக்கினால் மீண்டும் தட்டாகிவிடும். இப்போது அதனை ரப்பர் போன்ற பொருளாலோ, பிளாஸ்டிக் பூசிய துணியாலோ செய்கிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் அது கித்தானால் தைக்கப்பட்டது. வண்டியைக் கழுவவும் வெளியிடங்களில் தங்கும்போது நீர் எடுக்கவும் இன்று பயன்படும் இப்பொருள், அன்று வழிப்பயணத்தின் இன்றியமையாத் துணையாக இருந்தது.

காரணம் எளிது. எரிபொருள் எரிந்து இயங்கும் எந்திரம் சூடேறும். அச்சூட்டைத் தணிக்க அதனைச் சுற்றி நீர் ஓடவேண்டும். பழைய வண்டிகளில் அந்நீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே வந்தது. ஏற்றம் மிகுந்த வழியிலும், சித்திரை வைகாசி வெயிலிலும் ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்கும். ஓட்டுநர் வண்டியை மரநிழலில் நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, பின்னர் அருகிலுள்ள கிணற்றையோ குளத்தையோ தேடிப் புறப்படுவார். 1912ஆம் ஆண்டில் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து விட்ட நாள் தொட்டு, நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டுகள் இக்காட்சி வழக்கமாயிற்று. கயிறு கட்டிக் கிணற்றில் இறக்குவதற்கும், பணி முடிந்ததும் இருக்கையின் அடியில் செருகி வைப்பதற்கும் மடங்கும் வாளியைவிட ஏற்றது வேறில்லை.

ஆயினும் மோட்டார் வண்டிக்காக எவரும் அதனைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. குதிரைப் படைகள் அதனை முன்னரே அறிந்திருந்தன. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் குதிரைகளுக்கு நீர் காட்டக் கித்தான் வாளிகளையே வீரர்கள் சுமந்து சென்றார்கள். படைகளுக்கு முன்னே பாய்க்கப்பல்கள் இருந்தன. ஓடும் கப்பலிலிருந்து கடல்நீரை முகந்து தளத்தைக் கழுவுவது மாலுமிகளின் அன்றாட வேலை. இரும்பு வாளி கப்பலின் பக்கங்களில் மோதி மரத்தைச் சிதைக்கும். கித்தான் வாளியோ மோதினாலும் தீங்கு செய்யாது. கிழிந்த பாயின் ஒரு துண்டும், ஊசியும் நூலும், வாய்க்கு ஒரு வளையமும் இருந்தால் மாலுமி தானே அதனைத் தைத்துக்கொள்வான். இத்துணி வாளிக்கு ஓர் இயல்பு உண்டு. உலர்ந்திருக்கையில் நீரை ஊற்றினால் முதலிற் கசியும். சற்று நேரத்தில் நூலிழைகள் நீருண்டு பருத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ள, கசிவு பெரிதும் அடங்கிவிடும். நனைந்த பின்னரே அது நம்பத்தக்க வாளியாகிறது.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், "தூத்துக்குடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று வினவலாம். கித்தான் வாளி அக்கரையில் பிறந்தது என்று நான் கூறவரவில்லை. அதனைப் பிறப்பித்த தேவை எதுவோ, அதே தேவை அக்கரையில் மிகத் தொன்மையான காலம் முதல் இருந்துவந்தது. இடம் சிறியது, நீர் அரியது, சுமை குறைய வேண்டும் என்பதே அத்தேவை. அதற்கு அம்மக்கள் கண்ட விடைகளைத்தான் இங்கே எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

தூத்துக்குடியின் நீர் நிலைமையை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். கண்முன்னே கடல், காலடியில் உவர்நிலம். நகரின் கிணறுகள் பல உப்புக் கரித்தன. 1909 முதல் பலமுறை நகராட்சித் தலைவராக விளங்கிய ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே கொணர்ந்த செயலை அந்நகர மக்கள் இன்றும் நன்றியோடு பேசுவது அதனால்தான். கடற்பரப்பும் ஆழங்குறைந்தது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் தோன்றுவதற்கு முன், பெரிய நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில கல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் பயணிகளும் படகுகளில்தான் சென்று ஏறவேண்டும். குடிநீரை எடுத்தல், சுமத்தல், சேமித்தல் என்பன அங்கே அன்றாடக் கவலைகள்.

அக்கவலைக்கு நிலத்தில் விடையளித்தது பனை. தேரி மணலிலும் உவர்நிலத்திலும் அஞ்சாது நிற்கும் அம்மரத்தின் ஓலையை நோக்குங்கள். அது இயற்கையிலேயே மடிப்புகளோடு பிறக்கிறது. குருத்தில் மூடிய விசிறியாக இருந்து, பின்னர் மடிப்பு மடிப்பாக விரிகிறது. அம்மடிப்பைத் துணைக்கொண்டு, ஓலையை நடுவே குழித்து, இரு முனைகளையும் குவித்து, ஓலை நாராலேயே கட்டினால் சிறு தோணி போன்ற ஏனம் ஒன்று கிடைக்கிறது. இதுவே பட்டை. பதநீர் அருந்துவோர் இன்றும் இதனைக் கையில் ஏந்துகிறார்கள். ஒரு தையலும் இல்லை; ஓர் ஆணியும் இல்லை; ஒரு துளியும் ஒழுகுவதில்லை. மன்னார் வளைகுடாவிற்கு அப்பால், யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில், பனையோலையால் ஆன பெரிய பட்டையைத் துலாக் கயிற்றில் கட்டிப் பயிருக்கு நீர் இறைத்தார்கள். அவ்விறைப்பிற்கும் பட்டை என்பதே பெயர். பனையின் பயன்கள் 801 என்று தால விலாசம் என்னும் நூல் கணக்கிட்டது என்பர். அத்தனையையும் எண்ணிப் பார்க்கும் பொறுமை நமக்கு இல்லாவிட்டாலும், நீர் முகக்கும் பட்டையை அவற்றுள் முன்வரிசையில் வைக்கத் தடையில்லை.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. கித்தான் வாளியை ஆயிரம் முறை மடக்கலாம், விரிக்கலாம். ஓலைப்பட்டை அத்தகையது அன்று. மடித்துச் செய்யப்படுவது அது; மடித்து மடித்து வைக்கப்படுவது அன்று. உலர்ந்த ஓலையை வலிந்து மடக்கினால் முறியும். ஆனால் நீரில் ஊறவைத்தால் இணங்கி வளையும். ஓலை முடைவோர் முதலில் ஓலையை நனைத்துக்கொள்வது இதனாலேயே. கித்தானும் ஓலையும் நீரைத் தாங்குவதற்கு முன் நீரில் நனையவேண்டும் என்னும் ஒற்றுமை எனக்கு எப்போதும் சுவையானதாகத் தோன்றும். கமலைக் கிணறுகளில், யானையின் துதிக்கை போல் தொங்கும் தோற்குழாய் ஒன்று சாலின் அடியில் பொருத்தப்பட்டிருந்தது. ஏறும்போது மடங்கி நீரைக் காத்து, மேலே வந்ததும் விரிந்து வாய்க்காலில் தானே கொட்டும் அக்குழாயும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் பொறிநுட்பம் தனிப் பேச்சுக்கு உரியது. கரையை விட்டுக் கடலுக்குள் செல்வோம்.

கடலுக்குள்ளேதான் மடங்கும் ஏனம் தன் முழுமையை எய்திற்று. அது நீரை முகக்கும் ஏனம் அன்று. நீரை விட்டுவிட்டுச் சிப்பியை மட்டும் கொள்ளும் ஏனம். முத்துக்குளிப்போரின் வலைப்பையையே கூறுகிறேன்.

தூத்துக்குடிக்கு அப்பால் கடலடியில் முத்துச் சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் பார் என்று வழங்குவர். தொளாயிரம் பார் என்பது அவற்றுள் ஒன்று. எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு, மூச்சுக் கருவி எதுவுமின்றி மனிதர் அங்கே இறங்கினார்கள். அவர்கள் இறங்கிய முறையை, இலங்கைக் கரையிலே நேரிற் கண்ட ஆங்கிலேயர் இருவர் எழுதிவைத்திருக்கிறார்கள். ராபர்ட் பெர்சிவல் என்பாரின் நூல் 1803இலும், ஜேம்ஸ் கார்டினர் என்பாரின் நூல் 1807இலும் வெளிவந்தன. அக்கரையில் குளித்தவர்களுட் பலர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சென்றவர்களே. ஆதலின் அவ்வருணனை நம் கரைக்கும் பொருந்தும்.

நிலக்காற்றைப் பயன்கொண்டு படகுகள் இரவிலே புறப்பட்டு, விடியுமுன் பாரை அடையும். ஒரு படகில் குளிப்பவர் பதின்மர். அவர்களுக்குக் கயிறு பிடிப்போர் பதின்மர். சுக்கான் பிடிப்பவர் முதலிய சிலர். படகினுள் ஊறும் நீரை இறைப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். கற்கள் ஐந்துதான். ஐவர் கீழே இருக்கையில் ஐவர் மேலே இளைப்பாறுவர். மாலை திரும்பும்போது அதே படகில் ஆயிரக்கணக்கான சிப்பிகளும் குவிந்திருக்கும். இத்தகைய நெருக்கத்தில் பதின்மருக்கும் மூங்கிற் கூடைகளை ஏற்றுவதற்கு இடம் ஏது?

குளிப்பவர் வலக்காலின் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பற்றுவார். இடக்காலின் விரல்களால் வலைப்பையைப் பற்றுவார். ஒரு கையால் மற்றொரு கயிற்றைப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். கல்லின் கனம் அவரை விரைந்து கீழே கொண்டுசெல்லும். இங்கேதான் பையின் சிறப்பு விளங்குகிறது. விறைத்து நிற்கும் கூடையாக இருந்தால் இறங்கும் வழியெல்லாம் நீர் அதனை எதிர்த்துத் தள்ளும். கால்விரல்களால் அதனைப் பற்றி நிற்பது அரிது. வலைப்பையோ சுருங்கிக் கொடி போல் பின்தொடரும். அடியைத் தொட்டதும் அதனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து, கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிப் போடுவார். அதற்கு அவருக்குக் கிடைத்த காலம் ஏறக்குறைய ஒரு நிமிடம். கயிற்றை இழுத்துக் குறிப்புக் காட்டியதும் மேலே உள்ளவர் தூக்குவார். தூக்கும்போது சேறும் மணலும் வலைக்கண்கள் வழியே கழன்றுவிட, சிப்பி மட்டும் படகை வந்தடையும்.

சிப்பி அடர்ந்த பாரில், கைதேர்ந்தவர் ஒரே மூழ்கலில் 150 சிப்பிகள்வரை பையில் நிறைப்பதுண்டு என்றும், அவை அருகிக் கிடக்கும் இடத்தில் ஐந்துக்கு மேல் கிடைப்பதில்லை என்றும் கார்டினர் கூறுகிறார். 150க்கும் ஐந்துக்கும் ஒரே பை, ஒரே மூச்சு, ஒரே இடர். பிற்காலத்து இலங்கைக் குளிப்புகளில், கொணர்ந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு, எஞ்சியது அரசுக்கு. ஆகவே கயிற்றால் பின்னிய அந்தப் பை ஒரு குடும்பத்தின் வருவாயையும் அளந்தது.

இத்துணைச் சிறப்புடைய பொருளைப் பற்றி வரலாற்று நூல்கள் எவ்வளவு கூறுகின்றன? மிகச் சிறிதே. கொற்கைத் துறையின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய கிரேக்க வணிகர் ஒருவர், கி.பி. முதல் நூற்றாண்டில், தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அது நடத்தப்பட்டதாகக் குறித்துவிட்டு அடுத்த துறைக்குச் சென்றுவிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோரைப் பற்றி ஆர்வத்தோடு எழுதினார். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது என்றும், பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு உரியது என்றும் கணக்குச் சொன்னார். மந்திரம் ஓதியவருக்கு ஏட்டில் இடம் கிடைத்தது. வலை பின்னியவருக்குக் கிடைக்கவில்லை.

அகழ்வாராய்ச்சியாலும் இக்குறை தீருவதாயில்லை. கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்துத் தம் முடிவுகளை 1877இல் வெளியிட்டார். 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை கொற்கையில் முறையாக அகழ்ந்தது. மண்ணுக்குள் மட்கலங்களின் ஓடுகள் இருந்தன. சுட்ட மண் ஆயிரம் ஆண்டுகள் கிடந்தாலும் அழிவதில்லை. ஓலையும் கயிறும் தோலும் அத்தகையன அல்ல. கறையானும் ஈரமும் சில ஆண்டுகளிலேயே அவற்றை மண்ணாக்கிவிடும். ஆகவே அருங்காட்சியகத்தில் அடுக்கியுள்ள பானைகளைக் கண்டு, நம் முன்னோர் மட்கலங்களிலேயே எல்லாவற்றையும் எடுத்தார்கள் என்று ஒரு மாணவர் எண்ணினால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் படகிலும் பனைமீதும் பாரிலும் பிழைத்தவர்கள், உடைகிற பானையைச் சுமந்துகொண்டு எல்லா வேலைகளையும் செய்திருக்க முடியுமா என்று அவர் தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கேட்டால், கண்ணாடிப் பேழைக்குள் பானைக்கு அருகே வெறுமையாக இருக்கும் இடமும் அவருக்கு ஒரு செய்தி சொல்லும்.

தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் அத்தகைய பெருங்குளிப்பு நடைபெறவில்லை. 1973இல் அந்நகரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் அழகர்சாமி, சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவிக்கும் முறையில் வெற்றி கண்டார். அச்சிப்பிகளைக் கடலில் மிதவைகளின் அடியில் தொங்கவிட்ட கூண்டுகளுக்குள் வளர்த்தார்கள். அவற்றை எடுக்க எவரும் கல்லைப் பற்றிக்கொண்டு பாருக்கு இறங்க வேண்டியதில்லை. ஆயினும் வலைப்பை மறையவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் அக்கடலில் இறங்குகிறார்கள். முகத்திலே கண்ணாடி, இடுப்பிலே வலைப்பை. கயிற்றுக்குப் பதிலாக இப்போது அதனை நைலான் நூலால் பின்னுகிறார்கள். வெறுமையாக இருக்கும்போது அது கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது.