ஒன்பது வெள்ளை மான்கள்

அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தில், கில்லார்னிக்குப் போகிற வழியில் பாலிவூர்னி என்றொரு ஊர் உண்டு. ஐரிஷ் மொழி இன்னும் வீட்டில் பேசப்படுகிற சில பகுதிகளில் அதுவும் ஒன்று. எங்களோடு குசினியில் நின்ற முதிய ஐரிஷ் பெண்மணி ஒருவர் அங்குள்ள புனித கொப்நற்றின் கிணற்றைப் பற்றிச் சொன்னபடியால், ஒரு திங்கட்கிழமை லீவில் நாங்கள் மூவர் பஸ் ஏறினோம்.

கிணறு என்றதும் துலாவும் பட்டையும்தான் எங்கள் மனதில் வந்தன. அங்கிருந்ததோ கல்லுக்கட்டிய சிறு ஊற்று. தண்ணீர் அள்ளிக் குடிக்க ஒரு கோப்பை. அதைக் கண்டதும் கழுவத்தான் கை போனது, தொழில் வியாதி.

கொப்நற் 6ஆம் நூற்றாண்டினள் என்பது மரபு. அவளுடைய வாழ்க்கையைச் சொல்லும் பழைய ஏடு எதுவும் எஞ்சவில்லை. இருப்பவை செவிவழிக் கதைகளே. கிளெயரில் பிறந்தவள், பகைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினாள். அரன் தீவுகளில் மிகச் சிறியதான இனிஷியரில் ஒளிந்திருந்தாள். அங்கேயும் இருக்க விடவில்லை. 'இது உன் இடமல்ல. ஒன்பது வெள்ளை மான்கள் மேய்வதை எங்கே காண்கிறாயோ அங்கே நில்' என்றான் தேவதூதன். குளொன்ட்ரொஹிட்டில் மூன்று மான்கள். பாலிமகீராவில் ஆறு. பாலிவூர்னியில் ஒன்பது. அதைத்தான் அவளுடைய உயிர்த்தெழுதலின் இடம் என்கிறார்கள். அதாவது, செத்து அடங்கி இறுதிநாள்வரை காத்துக் கிடக்கும் மண்.

மூன்றைக் கண்ட இடத்திலேயே நின்றிருக்கலாமே என்றார் எங்களில் ஒருவர். மூன்று நாடு மாறி வந்தவர் அவர். நாங்கள் சிரிக்கவில்லை.

மாடு திருட வந்தவர்கள்மேல் அவள் தேனீக்களை ஏவிவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். மண்ணுக்குள் கிடந்த கதை வேறு. 1951இல் 'கொப்நற்றின் வீடு' எனப்படும் வட்டக் கல்வீட்டைத் தோண்டியபோது இரும்பும் வெண்கலமும் உருக்கி வேலை செய்த தடயங்கள் கிடைத்தன. அவளுடைய பெயரிலேயே கொல்லனைக் குறிக்கும் ஐரிஷ் சொல் ஒலிக்கிறது. கொல்லுலைக் கடவுள் ஒருவர் புனிதையின் முக்காட்டுக்குள் ஒளிந்திருக்கிறாரோ என்று சிலர் கேட்கிறார்கள். எங்களுக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. ஓடிவந்தவளும் ஏதாவது கைத்தொழில் செய்துதானே சீவித்திருக்க வேண்டும்?

1601இல் பாப்பரசர் எட்டாம் கிளெமெந்து இந்த யாத்திரைக்குப் பாவத் தண்டனைக் குறைப்பு வழங்கினார். அந்த ஆண்டின் குளிர்காலத்தில், இதே மாவட்டத்துக் கின்சேலில், ஐரிஷ் படைகள் ஆங்கிலேயரிடம் தோற்றன. பின்வந்த அடக்குமுறைகளிலும் சனம் கிணற்றைக் கைவிடவில்லை. பெப்ரவரி 11 அவளுடைய திருநாள். அன்று பழைய மரச்சிலையோடு றிப்பனை நீளத்துக்கும் சுற்றளவுக்கும் அளந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வருத்தம் வந்தால் கட்டிக்கொள்வார்களாம். 'கொப்நற்றின் அளவு' என்று அதற்குப் பெயர்.

கூட வேலைசெய்த பெண்மணி அப்படியொரு துண்டை எங்கள் நண்பருக்குக் கொடுத்திருந்தார். அது அவருடைய பேர்சில், வதிவிட அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

வலம் வருகிறவர்கள் கூழாங்கல்லால் கீறிக் கீறிக் கல்லில் சிலுவைகள் ஆழமாகியிருந்தன. அவளுடைய கல்லறை என்று சொல்லும் மேட்டை நாங்களும் சுற்றி வந்தோம். நாங்கள் கேட்ட கதைகள் ஒன்றிலும் அவள் கிளெயருக்குத் திரும்பிப் போகவில்லை. போத்தலில் எடுத்த தண்ணீரைப் பஸ்சிலேயே குடித்து முடித்துவிட்டோம். அடுத்தநாள் பத்து மணிக்கு வேலை.