எகிப்திய நினைவுக்கல்

எகிப்திய நினைவுக்கல் என்பது பண்டைய எகிப்தில் இறந்தவரின் பெயர் நிலைக்கவும், அவருக்குப் படையல் தொடர்ந்து கிடைக்கவும் நிறுத்தப்பட்ட கற்பலகை ஆகும். இவை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கப்பட்டு வண்ணம் தீட்டப்பட்டவை. வீட்டார் பலரின் பெயர்களையும் தாங்கியுள்ளதால், எகிப்தியக் குடும்பங்களைப் பற்றி அறிய இவை முக்கிய சான்றுகளாக உள்ளன.

வரலாறு

முதலாம் வம்ச காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 3000), அபிடோசில் அரசர் கல்லறைகளைச் சுற்றிப் புதைக்கப்பட்ட பணியாளர்களுக்குப் பெயர் பொறித்த சிறு கற்கள் நடப்பட்டன. பழைய இராச்சியத்தில், இறந்தவர் படையல் மேசையின் முன் அமர்ந்திருக்கும் காட்சி வழக்கமாயிற்று. மத்திய கால இராச்சியத்தில் (ஏறத்தாழ கி.மு. 2050–1650) அலுவலர் பலர் அபிடோசில், ஒசிரிசின் திருவிழா ஊர்வலம் செல்லும் வழியருகே சிறு வழிபாட்டுக் கூடங்களைக் கட்டி, அவற்றில் கற்களை நிறுத்தினர். உடல் வேறு ஊரில் அடக்கம் செய்யப்பட்டாலும், அங்கே பெயர் இருந்தால் திருவிழாப் படையலில் பங்கு கிடைக்கும் என்று நம்பப்பட்டது.

வாசகம்

அரசன் கடவுளுக்கு அளிக்கும் காணிக்கையிலிருந்து அப்பம், பியர், மாட்டிறைச்சி, பறவை இறைச்சி, துணி ஆகியவை இறந்தவருக்குச் சேர வேண்டும் என்பதே வாசகத்தின் சாரம். சில கற்கள் வழிச்செல்வோரை விளித்து, அதனை உரக்கச் சொல்லுமாறு வேண்டுகின்றன. கொடுக்கப் பொருள் இல்லாதவர் வாயால் சொன்னாலும் படையல் சேரும் என்பது எகிப்தியர் நம்பிக்கை.

குடும்பம்

பெற்றோர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருடன் செவிலியர், பணியாளர்கள் பெயர்களும் இடம்பெறுவதுண்டு. பலர் தாயின் பெயரால் அடையாளம் காட்டப்படுகின்றனர். மணமான பெண் 'வீட்டின் தலைவி' எனப்படுகிறாள். உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்லே தாய்மாமன், மருமகன் போன்ற உறவினரையும் குறிக்கக்கூடும் என்பதால் உறவுமுறையை அறிவது எளிதன்று. தீபையில் கிடைத்த அமெனெம்கட் என்பவரின் கல்லில் கணவன், மனைவி, மகன் மூவரும் ஒரே இருக்கையில் அணைத்தபடி அமர்ந்துள்ளனர்; மருமகள் படையல் மேசையின் அருகே நிற்கிறாள்.

சிதறலும் மீட்பும்

ஒரு கூடத்தில் ஒரே வீட்டாருக்குப் பல கற்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் இவை பெரும்பாலும் இடக்குறிப்பு இன்றி அகற்றப்பட்டு கெய்ரோ, இலண்டன், பாரிஸ், லைடன் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குச் சென்றதால், ஒரே குடும்பத்தினரின் கற்கள் பல நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன. வில்லியம் கெல்லி சிம்ப்சன் 1974இல் வெளியிட்ட நூலில், பெயர்களையும் உறவுகளையும் ஒப்பிட்டு, ஒரே கூடத்துக்குரிய கற்களைத் தொகுத்துக் காட்டினார்.