காசநோயும் இல்லமும்: ஒரு வரலாற்று நோக்கு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நிறைவு செய்யும் வள்ளுவப் பெருந்தகை, மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அவர் கருத்து. வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதையும் இவ்வாறே நான்கு பாதங்களை வகுத்துரைக்கிறது. முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். நான்காவதாக நிற்கும் 'உழைச்செல்வானை' மறந்துவிடுகிறோம். இரண்டு நாளில் தணியும் காய்ச்சலுக்கு அந்த மறதியால் பெருங்கேடு இல்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உடனுறையும் நோய்க்கோ அந்த நான்காம் கூறே மற்றை மூன்றையும் தாங்கி நிற்கிறது. இவ்வுண்மையை நம் நாட்டுக் காசநோய் வரலாறு நன்கு விளக்குகிறது.

எலும்புருக்கி என்றும் சயம் என்றும் நம் முன்னோர் வழங்கிய இந்நோயின் காரணம் நெடுங்காலம் அறியப்படவில்லை. 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை விளைவிக்கும் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். கிருமி தெரிந்ததேயன்றி அதனைக் கொல்லும் மருந்து அடுத்த அறுபது ஆண்டுகள் வரை கிட்டவில்லை. மருந்தில்லாத அக்காலத்தில் மருத்துவர் நம்பியவை தூய காற்று, முழு ஓய்வு, பால் முட்டை முதலிய சத்துணவு ஆகியவையே. இவற்றை ஒருங்கே தரும்பொருட்டு ஊருக்கு ஒதுக்குப்புறத்திலும் மலைச்சாரலிலும் 'சானடோரியம்' எனப்படும் காசநோய் இல்லங்கள் எழுந்தன.

இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கால்கொண்டது. இமயத்தின் அடிவாரப் பகுதியிலுள்ள பவாலியில் 1912-இல் ஓர் இல்லம் அமைந்தது. 1915-இல் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் உருவாயிற்று. தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து தொடங்கிய இல்லத்தை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. இங்கு நாம் நினைவுகூர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதே சௌரி முத்து முன்னர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு காசநோய் இல்லத்தை நடத்தி வந்தார். கணித மேதை இராமானுசன் 1917-இல் நோயுற்றபோது அங்கும் சிலகாலம் தங்கியிருந்தார். திறந்த சாளரங்களின் வழியே வந்த குளிரும், நாவுக்கு ஒவ்வாத உணவும், உற்றார் ஒருவரும் அருகில் இல்லாத தனிமையும் அவரை வாட்டின. 1919-இல் தாயகம் திரும்பிய அவர் 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். அவருக்கு உற்றது காசநோயே அன்று, ஈரலைப் பற்றிய வேறு நோய் என்று 1994-இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். எந்நோயாயினும், அறிந்த முகம் இல்லாத இடத்தில் நோயோடு கிடப்பது எத்தகையது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகிறது.

இல்லங்கள் பலருக்கு நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றில் இடம் பெற்றோர் எத்தனை பேர்? 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 25 இலட்சம் காசநோயாளர் இருப்பதாகவும் ஆண்டுதோறும் 5 இலட்சம் பேர் இறப்பதாகவும் கணித்தது. அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ ஏறத்தாழ 6,000 மட்டுமே. நானூறு பேருக்கு ஒரு படுக்கை என்னும் நிலையில் எஞ்சியோர் தம் வீட்டுத் திண்ணையிலும் கொல்லைப்புறக் குடிசையிலும் காலம் கழித்தனர். தமிழ்ச் சிறுகதைக்குப் புதுநெறி காட்டிய புதுமைப்பித்தன், தம் நாற்பத்திரண்டாம் வயதளவில், 1948-இல் இந்நோய்க்கே இரையானார் என்பதை நாம் மறத்தற்கில்லை.

படுக்கை இல்லாத இக்குறையே புதுவழி ஒன்றைத் தேடச் செய்தது. தலைநகராம் புதுதில்லியில் 1940-இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ நிலையம், நோயாளரை அவரவர் இல்லத்தில் இருத்தியே கண்காணிக்கும் திட்டத்தை நடத்தியது. டாக்டர் சிகந்த் இதில் பெரும்பங்கு கொண்டார். மருந்து கிட்டாத அந்நாளில் இது வேறு வழியின்றி மேற்கொண்ட ஏற்பாடாகவே கருதப்பட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை அடியோடு மாறிற்று. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. தொடர்ந்து 'பாஸ்' என்னும் மருந்தும், 1952-இல் ஐசோநியாசிடும் பயன்பாட்டுக்கு வந்தன. நோயைத் தீர்க்கும் மாத்திரை கைக்கு வந்தபின், நோயாளி மலைச்சாரலுக்குச் செல்லத்தான் வேண்டுமா என்ற வினா எழுந்தது.

இவ்வினாவுக்கு விடை கண்ட நகரம் சென்னை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நல நிறுவனம், பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கூடி அங்குக் காசநோய் மருந்து ஆய்வு நிலையத்தை நிறுவின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை முன்னின்று நடத்தினார். நகரின் நெரிசல் மிக்க பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளர் இருநூற்றுக்குச் சற்றுக் குறைவானோர் இதில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் காசநோய் இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர். மறுபாதியினர் தம் வீட்டிலேயே தங்கினர். இரு சாராருக்கும் அதே மருந்துகள், ஓராண்டுக் காலம், நாள்தோறும் வழங்கப்பட்டன.

வீட்டில் இருந்தோரின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் அறையில் குடும்பம் முழுவதும் உறங்கும். உணவு குறைவு, ஓய்வு அதனினும் குறைவு. உடல் சற்றுத் தேறியதும் கூலி வேலைக்குச் செல்லாவிடில் அடுப்பு எரியாது. இல்லத்தில் இருந்தோர் நன்கு உண்டனர், நன்கு ஓய்ந்தனர், எடையும் மிகுதியாகக் கூடினர். ஆயினும் 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஓராண்டு முடிவில் நோய் தணிந்தவர் இல்லத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியபோது அச்சிறு வேறுபாடும் மறைந்தது. இதனினும் இன்றியமையாத செய்தி, நோயாளர் வீட்டில் இருந்தமையால் அவர்தம் குடும்பத்தார்க்குத் தொற்று மிகுதியாகவில்லை என்பதாகும். தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து உட்கொள்ளத் தொடங்கியதும் பரவும் ஆற்றல் விரைந்து குறைகிறது.

இம்முடிவின் பொருள் யாது? பிள்ளையிடமிருந்து தாயைப் பிரிக்க வேண்டுவதில்லை; கணவனை ஊரைவிட்டு அகற்ற வேண்டுவதில்லை. அச்சத்தின் பெயரால் நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே வைத்து, அவரைத் தெருக்கோடியில் ஒதுக்கும் கொடுமைக்கு அறிவியலின் துணை இனி இல்லை என்பதே அதன் பொருள். 1962-இல் உருப்பெற்ற தேசியக் காசநோய்த் திட்டம் இவ்வடிப்படையில் அமைந்தது. பிறநாடுகளிலும் காசநோய் இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

எனினும் வெற்றியோடு ஒரு சுமையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இருமலும் காய்ச்சலும் சில வாரங்களில் நின்றுவிடும். கிருமியோ உள்ளே எஞ்சியிருக்கும். நலமாக உணர்பவர் ஓராண்டுக் காலம் தவறாமல் மருந்து உண்ணுதல் எளிதன்று. 'பாஸ்' மருந்தோ அளவில் பெரியது; வயிற்றைப் புரட்டுவது. சென்னை ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். பலர் மருந்தை இடையிடையே விட்டமை தெரியவந்தது. பின்னர் வாரம் இருமுறை நேரில் வழங்கும் முறையையும் அவர்கள் ஆய்ந்து பயனுடையதெனக் கண்டனர். ரிபாம்பிசின் வந்தபின் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கிற்று. மருத்துவர் மருந்தைத் தரலாம், காலை தோறும் "மாத்திரை போட்டாயிற்றா?" என்று கேட்கும் குரல் வீட்டிலிருந்துதான் எழ வேண்டும். வள்ளுவர் சுட்டிய நான்காம் கூறு இக்குரலே அன்றோ!

உணவைப் பற்றிய செய்தியும் ஈண்டு நிறைவு பெற வேண்டும். சென்னை ஆய்வைக் கண்டோர் சிலர், மருந்து இருந்தால் உணவு ஒரு பொருட்டன்று என்று கருதிவிட்டனர். அது முழு உண்மை அன்று. சார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. பழைய சென்னை நிலையத்தின் வழிவந்த தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதில் பங்கு கொண்டது. காசநோயாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரில் ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. மருந்து நோயுற்றவரைக் காக்கிறது. நிறைந்த உணவுக்கலம் அவரைச் சூழ்ந்தோரைக் காக்கிறது. 2018 முதல் நோயாளர்க்கு உணவின்பொருட்டு மாதம் 500 ரூபாய் அளித்துவந்த நடுவணரசு, 2024 நவம்பர் முதல் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியிருப்பதும் இவ்வழியில் எடுத்து வைத்த அடியே.

உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்றும் இந்தியர். ஆதலால் இவ்வரலாறு முடிந்த கதை ஆகாது. நீரிழிவு, குருதியழுத்தம், மூட்டுநோய் என நெடுநாள் உடனிருக்கும் நோய்கள் இன்று பெருகியுள்ளன. அவற்றுக்கும் சென்னையின் ஏழைக் குடியிருப்புகள் கற்பித்த பாடம் பொருந்தும். நோயோடு வாழ்தல் என்பது நாள்தோறும் செய்யும் சிறுசிறு கடமைகளின் தொகுதி. அக்கடமைகளை நோயாளி ஒருவரே சுமக்கும்படி விடாமல், மருந்தை நினைவூட்டியும், உணவைப் பகிர்ந்தும், உடன் அமர்ந்து உண்டும் துணை நிற்றல் வீட்டாரின் அறம். தொழிலின்பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து, உற்றாரைத் தொலைவில் விட்டு வாழும் நம்போன்றோர்க்கு அண்டை அயலாரும் சங்கத்து அன்பர்களும் அல்லவா வீட்டார்? அடுத்த வீட்டு நண்பர் சின்னாள் கண்ணில் படாவிடில், கதவைத் தட்டி நலம் உசாவும் வழக்கத்தையேனும் நாம் கைக்கொள்வோமாக.